அறுபது வோல்ட் ஆசை, எழுபத்திரண்டு வோல்ட் அவஸ்தை!

'டர்ட் பைக்' என்பதைத் தமிழில் 'மண் வண்டி' என்று சொன்னால், நெல்லித்தோப்பில் "மாடு எங்கே?" என்று கேட்பார்கள். இது மண் அடிக்கிற வண்டி இல்லை சார். ரோடே இல்லாத இடத்தில், மேடு பள்ளம், சேறு சகதி எல்லாவற்றிலும் தாவித் தாவி ஓடுவதற்கென்றே செய்த பைக். பெட்ரோலில் ஓடிய காலத்தில் ஊரையே கூட்டும். இப்போது மின்சாரத்துக்கு மாறிவிட்டதில் சத்தமே கிடையாது. கடன் கொடுத்தவர் மாதிரி, பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் வந்திருப்பதே தெரியும்.

இந்த வகையறாவில் உலகம் பூரா பெயர் வாங்கியது சீனாவின் 'சர்ரான் லைட் பீ'. ஐம்பது சொச்சம் கிலோ எடை, 60 வோல்ட் பேட்டரி. வாங்கியவர்களில் பாதிப் பேருக்குப் பத்து நாளிலேயே கை அரிக்க ஆரம்பித்துவிடும். 60 வோல்ட் பேட்டரியைக் கழற்றிவிட்டு 72 வோல்ட் வைப்பார்கள். கூடவே கம்பெனி கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரியதாக ஒன்று. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதற்கென்றே பார்ட்ஸ் விற்றுப் பிழைக்கும் கடைகள் இருக்கின்றன.

இதில் நாம் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ போர் பண்ணி, சைலன்ஸரை மாற்றி, தெருவில் தூங்கும் குழந்தைகளை எல்லாம் எழுப்பிய பரம்பரை நம்முடையது. புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு உறவும் உண்டு. திருப்பதியில் தயாரான சுவேகா மொபெட் ஞாபகம் இருக்கிறதா? அது பிரான்ஸின் மோட்டோபெகான் கம்பெனி டிசைன். பிரான்ஸில் மொபெட்டுகளுக்கு வேகக் கட்டுப்பாடு உண்டு. அதை அவிழ்த்துவிடுகிற வேலைக்குப் பிரெஞ்சில் 'தெப்ரிதாஜ்' என்று பெயர். குதிரையின் கடிவாளத்தைக் கழற்றுவது என்று அர்த்தம். அந்த ஊர்ப் பையன்கள் தலைமுறை தலைமுறையாகக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, நெல்லித்தோப்பில் சர்ரான் எங்கே ஓடுகிறது என்கிறீர்களா? இங்கே ஓடுவது வேறு. ஐந்து ஈயப் பேட்டரியைக் காலடியில் வைத்துக்கொண்டு, 25 கி.மீ. வேகத்தில் பவ்யமாகப் போகிற ஸ்கூட்டர். வண்டிதான் வேறு. ஆசை அதே ஆசை.

விழுப்புரம், கடலூர்க்காரர்கள் டேங்க்கை ரொப்பிக்கொண்டு போகிற ஊர் புதுச்சேரி. பெட்ரோல் இவ்வளவு மலிவான இடத்தில் எதற்கு பேட்டரி வண்டி? காரணம் பெட்ரோல் இல்லை, பேப்பர். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் முப்பது நிமிட சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவாகவும் இருந்தால், அந்த பேட்டரி வண்டி 'மோட்டார் வாகனம்' என்ற கணக்கிலேயே வராது. லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. புக் வேண்டாம், இன்ஷூரன்ஸ் கட்டாயமில்லை, நம்பர் பிளேட் கிடையாது. சட்டத்தின் கண்ணில் அது கொஞ்சம் வசதியான சைக்கிள்.

ஒரு ஆசாமியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது 26. ஆடிட்டர் ஆபீஸில் உத்தியோகம். நெல்லித்தோப்பில் மார்க்கெட் பக்கம் ஒரு சந்தில் ஜாகை. மேற்படி ஸ்கூட்டரை வாங்கிய முதல் மாதம் ஒரே சந்தோஷம். ஆறாவது மாதம், பள்ளிக்கூடப் பையன் ஒருவன் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டே முந்திப் போகிறான். அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தில் (புதுச்சேரியில் மலை என்று ஒன்று இருந்தால் அதுதான்) பின்னால் நண்பரை ஏற்றிக்கொண்டு போனால், நண்பர் இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. நேராக மெக்கானிக்கிடம் போகிறார்.

"அண்ணே, வண்டி இழுக்கவே மாட்டேங்குது."

"கம்பெனிக்காரன் கையைக் கட்டிப் போட்டிருக்கான் தம்பி. கன்ட்ரோலரை மாத்தி, 72 வோல்ட் பேட்டரி வச்சிடலாம். அம்பதுல பறக்கும்!"

அம்பதுல பறக்கும். நான் பி.காம். படித்தவன். எதையும் டெபிட், கிரெடிட் என்று இரண்டு பக்கமாகப் பிரித்துப் போட்டால்தான் எனக்கு மண்டையில் ஏறும். ஆகவே, அந்த ஐம்பதை எந்தெந்தக் கணக்கிலிருந்து எடுக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

பேட்டரிதான் பணப்பெட்டி. மோட்டார், செலவு பண்ணுகிற மேனேஜர். நடுவில் உட்கார்ந்திருக்கிற கேஷியர்தான் கன்ட்ரோலர். நீங்கள் ஆக்ஸிலேட்டரை முறுக்குவது கேஷியரிடம் வவுச்சர் நீட்டுகிற மாதிரி. "ஒரு தடவைக்கு 15 ஆம்பியருக்கு மேல் தருவதற்கில்லை" என்று அவர் மூக்குக் கண்ணாடி வழியாகப் பார்ப்பார். மேனேஜர் எவ்வளவு குதித்தாலும் அவ்வளவுதான்.

வோல்ட் ஏறினால் சக்கரம் வேகமாகச் சுற்றும். ஆம்பியர் ஏறினால் இழுவை கூடும். இரண்டையும் பெருக்கினால் வாட். 60 வோல்ட், 15 ஆம்பியர் என்றால் 900 வாட். (250 வாட் வண்டியில் 900-ஆ என்று கேட்பீர்கள். 250 என்பது அரை மணி நேரம் விடாமல் தருகிற சக்தி. கிளம்பும்போதும் மேட்டிலும் சில விநாடி அதைவிட அதிகம் இழுக்கும்.) 72 வோல்ட் பேட்டரி வைத்து 30 ஆம்பியர் கன்ட்ரோலர் போட்டால் 2160 வாட். கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு! மெக்கானிக் சொன்னதில் பொய்யே இல்லை. வண்டி பறக்கத்தான் பறக்கும்.

இனி டெபிட் பக்கம்.

முதலில் உஷ்ணம். ஒயரிலும் மோட்டார் சுருளிலும் உண்டாகிற சூடு, ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும். 15 ஆம்பியரை 30 ஆக்கினால் சூடு இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. கந்து வட்டிகூட இவ்வளவு வேகமாக ஏறாது. ஆனால் ஒயரும் கனெக்டரும் மோட்டாரும் அதே பழசுதான். கனெக்டர் முதலில் பழுப்பாகி, பிறகு இளகி, ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குள்ளே உட்கார்ந்திருக்கிற மோட்டாருக்குக் காற்றோட்டம் ரொம்பக் குறைவு. சுருளின் வார்னிஷ் கருகும். சூடு எல்லை மீறினால் காந்தமும் வலு இழக்கும். வலு இழந்த காந்தம் மறுபடி திரும்பாது.

இரண்டாவது, 72 வோல்ட் என்பது 72 வோல்ட் இல்லை. பேட்டரி மேல் ஒட்டியிருக்கிற எண் சராசரிக் கணக்கு. சாதாரண லித்தியம் அயான் செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட். 72 வோல்ட் பேக்கில் வரிசையாக 20 செல். பெருக்கிப் பாருங்கள், 84 வோல்ட். பல 60 வோல்ட் கன்ட்ரோலர்களுக்குள் இருக்கிற மாஸ்ஃபெட்டுகளும் கெப்பாசிட்டர்களும் 80 வோல்ட் வரைதான் தாங்கும். "கன்ட்ரோலர் அப்புறம் மாத்திக்கலாம், இப்போதைக்கு பேட்டரி மட்டும் போடுவோம்" என்று தவணை முறையில் போகிறவர்களுக்கு, ராத்திரி சார்ஜ் போட்டு காலையில் சாவியைத் திருப்பினதும் 'டப்'! அவ்வளவுதான். அதிர்ஷ்டம் இருந்தால் புகை மட்டும். ஹெட்லைட், ஹாரனுக்கு 12 வோல்ட் பிரித்துக் கொடுக்கிற கன்வெர்ட்டருக்கும் இதே கதிதான். இதை எடுத்தவுடன் சொல்கிற மெக்கானிக் நல்ல மெக்கானிக்.

அப்படியே கன்ட்ரோலர் தாங்கினாலும் இன்னொரு வில்லங்கம். 60 வோல்ட் கன்ட்ரோலர், பேட்டரி 52 வோல்ட் பக்கம் இறங்கினால்தான் "பெட்டி காலி" என்று ஷட்டரை இறக்கும். 20 செல் பேக்கோ 60 வோல்ட்டிலேயே தரை தட்டிவிடும். கேஷியருக்குப் பெட்டி காலியானதே தெரியாது.

இந்த பேட்டரி சமாச்சாரத்தை எல்லாம் மேற்பார்வை பண்ணத்தான் பி.எம்.எஸ். என்று ஒரு சர்க்யூட் போர்டு பேக்குக்குள்ளே இருக்கிறது. ஆபீஸ் இன்டர்னல் ஆடிட்டர் மாதிரி. ஒவ்வொரு செல்லையும் பார்க்கும். அதிகம் ஏறினாலும், இறங்கினாலும், இழுத்தாலும் 'கட்' பண்ணிவிடும். பி.எம்.எஸ். 20 ஆம்பியர், கன்ட்ரோலர் 30 ஆம்பியர் என்று ஜோடி சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? மெதுவாகப் போகும்வரை ஒன்றும் ஆகாது. இந்திரா காந்தி சதுக்கத்தில் பின்னால் விழுப்புரம் பஸ் ஹாரன் அடிக்க, நீங்கள் பயந்து முழுசாக முறுக்குவீர்கள் பாருங்கள், அந்த விநாடியில் ஆடிட்டர் பெட்டியைப் பூட்டிவிடுவார். வண்டி நடுரோட்டில் பொணமாக நிற்கும். பஸ் நிற்குமா என்பது டிரைவரின் பிரேக்கைப் பொறுத்தது.

இந்தத் தொல்லைக்குத் தீர்வு என்று சில இடங்களில் பி.எம்.எஸ்.ஸையே தாண்டி நேராக ஒயர் இழுத்துவிடுவார்கள். ஆடிட்டர் தொந்தரவு தாங்கவில்லை என்று ஆளையே வீட்டுக்கு அனுப்புவது. இன்னொரு கில்லாடி வேலையும் உண்டு. கன்ட்ரோலர் எத்தனை ஆம்பியர் போகிறது என்பதை 'ஷன்ட்' என்ற ஒரு சின்னக் கம்பியைப் பார்த்துத்தான் கணக்கிடும். அந்தக் கம்பி மேல் ஈயத்தை உருக்கி விட்டால், 25 ஆம்பியர் போனாலும் 15-தான் போகிறது என்று நம்பிக்கொண்டிருக்கும். கேஷியர் கண்ணாடியில் பெயின்ட் அடிக்கிற டெக்னிக்! செலவு ஒரு துளி ஈயம். கொஞ்ச நாளில் மாஸ்ஃபெட் போகும்.

இதைப் படித்துச் சிரிக்கலாம். ஆனால் 2022 மார்ச்சில் வேலூரில் நடந்தது சிரிக்கிற விஷயம் இல்லை. ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அது கம்பெனி தயாரித்து விற்ற வண்டி. அந்த வருஷம் இன்னும் பல ஊர்களில் ஸ்கூட்டர்கள் எரிந்தன. அதன் பிறகுதான் மத்திய அரசு, ஏ.ஐ.எஸ். 156 என்கிற பேட்டரி பாதுகாப்புத் தர விதியைக் கடுமையாக்கி, முதல் கட்டத்தை 2022 டிசம்பர் 1-லும் இரண்டாம் கட்டத்தை 2023 மார்ச் 31-லும் அமலுக்குக் கொண்டுவந்தது. ஒரு செல் கொதிக்க ஆரம்பித்தால் வண்டிக்காரருக்கு எச்சரிக்கை வர வேண்டும், உள்ளே சேரும் வாயு வெளியேற வழி இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் சோதனைகள். கம்பெனிகளே தடுமாறிய விஷயம் இது. பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பொறுக்கிய செல்லை டேப் சுற்றிக் கொடுக்கிற பேக், இதில் எந்தச் சோதனையைப் பார்த்திருக்கும்?

நெல்லித்தோப்புச் சந்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். வாசலில் வைத்தால் பாதை அடைபடும் என்று வண்டியை நடைக்குள்ளே ஏற்றி, கதவுக்கும் மாடிப்படிக்கும் நடுவில் நிறுத்தி, தூங்கப் போகும்போது பிளக்கைச் செருகுவோம். உள்ளே இருப்பவர்கள் வெளியே வர இருக்கிற ஒரே வழியில் நிற்கிறது வண்டி. மாற்றிய பேட்டரியோ, மாற்றாத பேட்டரியோ, இந்த இடம் மட்டும் வேண்டாம். கழற்றுகிற பேட்டரியானால் மாடியிலோ பின்கட்டிலோ, விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள். லித்தியம் பேக் எரிந்தால் வருகிற புகை நெருப்பைவிட சீக்கிரம் ஆளைச் சாய்க்கும்.

மழை வேறு. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பல ஸ்கூட்டர்களில் கன்ட்ரோலர் இருப்பது காலடிக்குக் கீழேயோ சீட்டுக்கு அடியிலோதான். கம்பெனி கன்ட்ரோலரை ரப்பர் வாஷரோடு மூடியிருப்பார்கள். மாற்றி வைக்கிற பெரிய கன்ட்ரோலர் அந்தப் பள்ளத்தில் உட்காராது. மூடி திறந்தபடி, இன்சுலேஷன் டேப் கோவணத்தோடு நிற்கும். இந்திரா காந்தி சதுக்கத்தில் முழங்கால் தண்ணீர் நிற்பதற்குப் புயல்கூட வேண்டியதில்லை. நல்ல மழை ஒன்று போதும்.

அப்புறம் பிரேக். வேகம் இரண்டு மடங்கானால், வண்டியை நிறுத்த பிரேக் தின்ன வேண்டிய சக்தி நான்கு மடங்கு. 25-க்குப் போட்ட டிரம் பிரேக், சைக்கிளுக்கு அண்ணன் மாதிரி ஒரு டயர், ஒல்லியான ஃபோர்க். கன்ட்ரோலரை மாற்றுகிறவர்கள் பிரேக்கை மாற்றி நான் பார்த்ததில்லை. சர்ரான் கதை இங்கேதான் பிரிகிறது. அதில் இரண்டு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், நீளமான ஷாக் அப்ஸார்பர், தாவி விழுந்தாலும் வளையாத ஃபிரேம். மோட்டார் நடுவில் காற்றுப் படும்படி இருக்கிறது. அதிலே 72 வோல்ட் வைப்பது, சம்பளம் உயர்ந்த பிறகு பெரிய வீட்டுக்குப் போவது மாதிரி. நம் ஸ்கூட்டரில் வைப்பது, சம்பளம் உயராமலே!

இனிமேல் சட்டம். நம்பர் பிளேட் இல்லாமல் ஓடுகிற உரிமை அந்த 25 கி.மீ.யோடு ஒட்டிப் பிறந்தது. கன்ட்ரோலரில் தொங்கும் ஒற்றை 'ஸ்பீட் ஒயரை'ப் பிடுங்கி 40-ல் ஓட்டினாலே போதும், சட்டப்படி அது பதிவு செய்யாத மோட்டார் வாகனம். லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000 ரூபாய், இன்ஷூரன்ஸ் இல்லாததற்கு 2,000, பதிவு இல்லாததற்கு 5,000 வரை. 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டத்தில் இருக்கிற தொகைகள் இவை. பதிவு செய்த வண்டியில் அனுமதியில்லாமல் மாற்றம் செய்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000, அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2023-ல் கேரளப் போக்குவரத்துத் துறை ஷோரூம்களுக்குள்ளேயே புகுந்து சோதனை போட்டது. லைசென்ஸ் வேண்டாத வண்டி என்று சொல்லி, வேகத்தைக் கூட்டிவிட்டு விற்றதுதான் குற்றச்சாட்டு.

அபராதம் பெரிய விஷயமில்லை சார், கட்டிவிட்டு வரலாம். மார்க்கெட் வாசலில் காய் வாங்கிக்கொண்டு திரும்புகிற ஒரு பெரியவரை அந்த 50 கி.மீ. வண்டி தட்டிவிட்டால்? நஷ்டஈட்டை எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி தரும்? பாலிசியே கிடையாதே. கோர்ட் சொல்கிற தொகை நம் ஆசாமியின் சம்பளத்திலிருந்து வர வேண்டும். 26 வயது ஆடிட்டர் ஆபீஸ் சம்பளத்தில் அதற்கு எத்தனை வருஷம் ஆகும் என்பதை அவரே கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம்.

அப்படியானால் பேட்டரியையும் கன்ட்ரோலரையும் தொடவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. முதலில் வண்டி ஏன் இழுக்கவில்லை என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் மேம்பாலம் ஏறிய வண்டி இப்போது ஏறவில்லை என்றால் குற்றவாளி கன்ட்ரோலர் இல்லை. ஐந்து ஈயப் பேட்டரியில் ஒன்று மண்டையைப் போட்டிருக்கும். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு, ஒருவர் ஆக்ஸிலேட்டரை முறுக்கி வண்டியை ஓட விட, ஒவ்வொரு பேட்டரியாகப் பாருங்கள். நான்கு 12 வோல்ட் பக்கம் நிற்க, ஒன்று மட்டும் பத்துக்குக் கீழே சரிந்தால் அதுதான் ஆசாமி. கூட்டுக் குடும்பத்தில் ஒருத்தர் படுத்தால் எல்லாரும் படுப்பது மாதிரி, மற்ற நான்கையும் அது கீழே இழுத்துவிடும். பிரேக் ஷூ உரசுகிறதா, டயரில் காற்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பத்து ரூபாய் காற்றில் திரும்புகிற இழுவையும் உண்டு.

ஈயப் பேட்டரி ஆயுள் முடிந்துவிட்டது, லித்தியத்துக்கு மாறலாம் என்றால் தாராளமாக மாறுங்கள், அதே வோல்ட்டில். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 20 செல் போட்ட பேக், 64 வோல்ட். முழு சார்ஜில் 73. பழைய ஈயப் பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போதும் 73 பக்கம் போனவைதான், அதனால் பழைய கன்ட்ரோலர் பதறாது. ஐந்து ஈயப் பேட்டரி முப்பது கிலோவுக்கு மேல்; இது பத்துப் பன்னிரண்டு கிலோ. இருபது கிலோ இறங்கினாலே மேம்பாலத்தில் நண்பர் இறங்க வேண்டியிருக்காது! இந்த வகை செல்கள் சூட்டையும் மற்ற லித்தியம் வகைகளைவிட அதிகம் தாங்கும். பி.எம்.எஸ். ஆம்பியர், கன்ட்ரோலர் ஆம்பியரைவிட அதிகமாக இருக்கட்டும். நடுவில் ஒரு ஃபியூஸ். சார்ஜரை மட்டும் கஞ்சத்தனம் பார்க்காமல் அந்த பேக்குக்கென்றே உள்ளதை வாங்குங்கள். பழைய ஈய சார்ஜரைச் செருகினால் நிரம்பிய பிறகும் ஊட்டிக்கொண்டே இருக்கும், தடுக்க பி.எம்.எஸ்.ஸை விட்டால் ஆளில்லை. வண்டிக்கு இன்னும் கியாரண்டி இருந்தால், பேட்டரியில் கையை வைக்கும் முன் கம்பெனி டீலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐம்பதில்தான் போக வேண்டும் என்கிறவருக்கு, ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் செய்கிற ஸ்கூட்டர்கள் நம்பர் பிளேட்டோடு கிடைக்கின்றன. மண்ணில்தான் தாவ வேண்டும் என்கிற வைராக்கியம் உள்ளவருக்கு, பெங்களூரின் அல்ட்ராவயலெட் கம்பெனி 2025 மார்ச்சில் 'ஷாக்வேவ்' என்ற மின்சார பைக்கை அறிவித்தது. 120 கிலோ, 14.5 குதிரைசக்தி, ரோட்டிலும் ஓட்டலாம், மண்ணிலும் ஓட்டலாம். பழைய வண்டியைப் பிரித்து வோல்ட் ஏற்றிப் பார்க்கிற சுகம் தனி என்கிறவர்கள், ஊருக்கு வெளியே சொந்தமாக நாலு ஏக்கர் இருந்தால் அங்கே வைத்துக்கொள்ளலாம். நெல்லித்தோப்பு ரேட்டில் நாலு ஏக்கர் வாங்கக்கூடியவர் ஸ்கூட்டரில் போக மாட்டார் என்பது வேறு விஷயம்.

கழற்றிய ஐந்து ஈயப் பேட்டரிகளை என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. மொட்டை மாடியில் போட்டு வைக்காதீர்கள், உள்ளே இருப்பது ஆசிட். புது பேட்டரி விற்கிற கடைக்காரரே பழசை எடைக்கு எடுத்துக்கொள்வார். பில் போடும் முன் எடை போடச் சொல்லுங்கள். முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். அதை "சும்மா அஞ்சு பேட்டரிதானே" என்று உருப்படிக் கணக்கில் முடிக்கப் பார்ப்பார்கள்.